ஆண்டிறுதிக் கிரிப்டோ செய்திகளையும் விவாதங்களையும் பகுத்துப் படிப்பது எப்படி?

டிசம்பர் மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் கிரிப்டோ நாணயங்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி, நடந்து முடிந்ததை விளக்குவதைவிட நடக்கவிருப்பதை அறுதியிட்டுச் சொல்வதிலேயே முனைப்புக் காட்டுகிறது. பன்னிரண்டு மாத ஏற்ற இறக்கம் ஒற்றை விழுக்காட்டுக்குள் அடக்கப்படுகிறது. ஒரு நாணயத்தைக் கையில் வைத்திருப்பவர்களே அதன் எதிர்காலத்துக்கு உறுதியும் தருகிறார்கள். இவற்றைப் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடந்த கருத்து வேறுபாடுகள் திரண்டு வருவது இந்த நாள்களில்தான் என்பதால், நிதானமாகப் படிப்பவருக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தவிரவும், பரிவர்த்தனைகள் பதிவாகும் பேரேடும் (பிளாக்செயின்) அதை இயக்கும் மென்பொருளும் எவருக்கும் திறந்திருக்கும் துறை இது. சொல்லப்படுவதில் பலவற்றை நாமே சரிபார்த்துவிடலாம். அந்தச் சரிபார்ப்பை எங்கே தொடங்குவது, எந்த விவாதத்துக்கு நேரம் ஒதுக்குவது, எதை ஒதுக்கித் தள்ளுவது என்பதை இங்கே பார்க்கலாம்.

விழுக்காட்டை முதலில் பிரித்துப் பாருங்கள்

பிட்காயினின் விலை 2021-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஏறத்தாழ 46,000 டாலர். 2022-இன் முடிவில் ஏறத்தாழ 16,500 டாலர். 2023-இன் முடிவில் ஏறத்தாழ 42,000 டாலர். 2023 டிசம்பரில் வந்த கட்டுரைகள், பிட்காயின் அந்த ஆண்டில் 150 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாக எழுதின. அது உண்மை. 2021-இன் கடைசி நாளில் வாங்கி விற்காமல் வைத்திருந்தவர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் நட்டத்தில்தான் இருந்தார் என்பதும் அதே அளவுக்கு உண்மை. 64 விழுக்காடு விழுந்த ஒன்று பழைய நிலையைத் தொட வேண்டுமானால் அது ஏறத்தாழ 180 விழுக்காடு உயர்ந்தாக வேண்டும். இந்த எளிய கணக்கை ஆண்டிறுதித் தலைப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே, ஏதாவது ஒரு விழுக்காட்டைப் படித்தவுடன் முந்தைய மூன்று ஆண்டுகளின் இறுதி விலைகளையும், இடையில் தொட்ட உச்சத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் பிட்காயின் தொட்ட 69,000 டாலரை மேற்சொன்ன மூன்று எண்களின் அருகே எழுதினால், 150 விழுக்காடு என்ற எண் தரும் எண்ணமே மாறிவிடுகிறது.

இந்தச் சந்தைக்கு மூடும் நேரம் கிடையாது. பெரும்பாலான விலை வரைபடங்கள் ஒரு நாளின் முடிவை யூடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் குறிக்கின்றன. உள்ளூர் நேரத்தைக் கொள்ளும் வேறொரு தளம் சற்றே மாறுபட்ட எண்ணைத் தரும். இரண்டு கட்டுரைகளின் எண்கள் பொருந்தாதபோது யாரோ பொய் சொல்வதாக எண்ணிவிடாமல், எந்த நேரத்தை எந்தச் சந்தையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். விடுமுறைக் காலத்தில் வாங்குவோரும் விற்போரும் குறைவாக இருப்பதால், சாதாரண நாளில் தடமின்றிக் கரைந்துபோகும் ஓர் ஆணைகூட விலையை அசைத்துவிடும். டிசம்பரின் கடைசி வெள்ளிக்கிழமையில் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் ஏராளமாக முடிவுக்கு வருவதும் அந்த வாரத்தின் சலனத்துக்குக் காரணமாகலாம். அந்த நாள்களின் இரண்டு மூன்று விழுக்காட்டு நகர்வுக்குப் பெரிய அரசியல் காரணத்தைக் கற்பிக்கும் கட்டுரையை நான் தயங்காமல் கடந்துவிடுவேன்.

சந்தை மதிப்பு என்னும் எண்ணிலும் கவனம் தேவை. 100 கோடி நாணயங்கள் உருவாக்கப்பட்டு, அவற்றில் ஒன்றே ஒன்று ஒரு டாலருக்குக் கைமாறினால், அதன் சந்தை மதிப்பு 100 கோடி டாலர் என்று பட்டியலில் ஏறிவிடும். அவ்வளவு பணம் யாரும் போட்டிருக்க வேண்டியதில்லை. வணிக அளவும் (குறிப்பிட்ட காலத்தில் கைமாறிய மொத்தத் தொகை) அப்படித்தான். 2019-இல் கிரிப்டோ முதலீட்டு நிறுவனமான பிட்வைஸ், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமான எஸ்இசியிடம் அளித்த ஆய்வில், அப்போது அறிவிக்கப்பட்டுவந்த பிட்காயின் வணிக அளவில் ஏறத்தாழ 95 விழுக்காடு போலியானது அல்லது பொருளாதார அடிப்படையற்றது என்று கூறியிருந்தது.

செய்தியின் மூலம் வரை போய்வாருங்கள்

2023 அக்டோபர் 16 அன்று, பிட்காயினை நேரடியாக வைத்திருந்து, பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கப்படும் ஈடிஎஃப் என்னும் நிதியம் ஒன்றுக்கு எஸ்இசியின் ஒப்புதல் கிடைத்துவிட்டதாக ஒரு செய்தித் தளம் பதிவிட்டது. விலை 28,000 டாலர் அளவிலிருந்து 30,000 டாலரை ஒட்டி ஏறியது. செய்தி தவறு என்று தெரிந்ததும் விரைவில் இறங்கிவிட்டது. அடுத்த நிகழ்வு இதைவிடப் பாடம் தருவது. 2024 ஜனவரி 9 அன்று எஸ்இசியின் சொந்த எக்ஸ் கணக்கிலேயே ஒப்புதல் அறிவிப்பு வெளியானது. அந்தக் கணக்கை வேறு யாரோ கைப்பற்றி எழுதிய பதிவு அது. ஆணையத்தின் தலைவர் சில நிமிடங்களில் தம் கணக்கிலிருந்து மறுப்பு வெளியிட்டார். உண்மையான ஒப்புதல் மறுநாள், ஜனவரி 10 அன்று, ஆணையத்தின் உத்தரவாக வந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் வந்தது என்பதும் போதிய சான்று ஆகாது. உத்தரவின் நகலைத் திறந்து அதன் தேதியையும், அது யாருக்குப் பொருந்துகிறது என்பதையும் படித்த பின்னரே செய்தி உறுதியாகிறது.

சட்டம் பற்றிய செய்திகளில் வினைச்சொல்லைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். கிரிப்டோ சொத்துகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா சட்டம் 2023 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூனில் அமலுக்கு வந்தது. டாலர் போன்ற ஒன்றோடு மதிப்பைப் பிணைத்த நாணயங்களான ஸ்டேபிள்காயின்களுக்கான விதிகள் 2024 ஜூன் 30 முதலும், சேவை நிறுவனங்களுக்கான விதிகள் 2024 டிசம்பர் 30 முதலும் பொருந்தின. ஒரே சட்டம் இப்படிப் பலமுறை செய்தியாக முடிந்தது. ஒவ்வொரு முறையும் "கட்டுப்பாடு வந்துவிட்டது" என்றே தலைப்பு இருந்தாலும், முன்வைக்கப்பட்டதா, நிறைவேறியதா, நடைமுறைக்கு வந்ததா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு நிறுவனமோ பயனரோ செய்ய வேண்டியது மாறும்.

திருட்டுச் செய்திகளில் பேரேடு நேரடியாக உதவும். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்னும் எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள எத்தேரியம் வலைப்பின்னலின் சொத்துகள் வெளியேறியதை, பேரேட்டைக் காட்டும் இணையத்தளமான எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் காண முடிந்தது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது என்பதைப் பேரேடு சொல்லும். அந்த முகவரியின் பின்னால் இருப்பவர் யார் என்பதைச் சொல்லாது. வட கொரியாவே பொறுப்பு என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சில நாள்களுக்குப் பின்னர் அறிவித்தது. கட்டுரையில் எது பேரேட்டிலிருந்து வந்தது, எது புலனாய்வின் முடிவு, எது எழுதியவரின் ஊகம் என்று தனித்தனியே அடிக்கோடிட்டுப் பாருங்கள்.

எந்த விவாதத்துக்கு நேரம் கொடுப்பது

சமூகத்தில் நடக்கும் சண்டைகளில் மிகப் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. அவற்றால் எதுவும் தீர்மானமாவதில்லை. விதிகளைப் பற்றிய விவாதம் வேறு; அதில் வெல்லும் தரப்பின் மென்பொருளே அந்த நாணயத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதால், கடினமாக இருந்தாலும் அதற்கே நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2015 முதல் 2017 வரை நீண்ட, பிட்காயினின் பிளாக் அளவு விவாதம் இதற்கு முதல் உதாரணம். பிளாக் என்பது பேரேட்டில் ஒருசேரச் சேர்க்கப்படும் பரிவர்த்தனைகளின் தொகுப்பு. ஒரு மெகாபைட் வரம்பை உயர்த்தினால் கட்டணம் குறையும், அன்றாடச் செலவுக்குப் பயன்படும் என்றது ஒரு தரப்பு; பிளாக் பெரிதானால் பேரேட்டைச் சரிபார்க்கும் நோட் மென்பொருளைச் சாதாரணக் கணினியில் இயக்குவது கடினமாகி, சரிபார்க்கும் அதிகாரம் சிலர் கைக்குப் போய்விடும் என்றது மற்றது. 2017 ஆகஸ்ட் 1 அன்று, பெரிய பிளாக்கை விரும்பியவர்களின் பிட்காயின் கேஷ் தனியாகப் பிரிந்தது. அதே மாதம், பிளாக்கில் கூடுதல் பரிவர்த்தனைகளுக்கு இடம் தரும் செக்விட் என்னும் மாற்றம் பிட்காயினில் செயல்பாட்டுக்கு வந்தது. வரம்பை இரட்டிப்பாக்க பெரிய நிறுவனங்களும், பிளாக்குகளை உருவாக்கும் மைனர்களும் உடன்பட்டிருந்த திட்டம் நவம்பரில் கைவிடப்பட்டது. யார் உரக்கப் பேசினார்கள் என்பதைவிட, நோட் இயக்குபவர்கள் எந்த மென்பொருளை இயக்கினார்கள், பயனர்கள் எந்தப் பேரேட்டுச் சங்கிலியை ஏற்றார்கள் என்பதே முடிவைத் தந்தது. 2016-இல் எத்தேரியத்தில் இயங்கிய கூட்டு முதலீட்டு நிதியான டிஏஓ ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தர் (எத்தேரியத்தின் நாணயம்) மென்பொருள் பிழையால் வெளியேறியபோதும், பெரும்பான்மையினர் அதை மீட்கும் ஃபோர்க்கை (பேரேட்டைப் பிரிக்கும் விதி மாற்றம்) ஏற்க, ஏற்காதவர்கள் எத்தேரியம் கிளாசிக்காகத் தொடர்ந்தனர்.

2025-இன் இறுதியில் சூடாக இருந்த ஒரு விவாதத்தை இதே கண்ணோடு படித்துப் பார்ப்போம். அக்டோபரில் வெளியான நோட்டுகளில் பெரும்பாலானவை இயக்கும் மென்பொருளான பிட்காயின் கோரின் 30-ஆம் பதிப்பு, ஓபி ரிட்டர்ன் என்னும் தரவுப் பகுதி வழியாகப் பரிவர்த்தனையில் சேர்க்கக்கூடிய தரவின் இயல்பு வரம்பை ஏறத்தாழ 80 பைட்டிலிருந்து 1 லட்சம் பைட்டு அளவுக்குத் தளர்த்தியது. எதிர்த்தவர்களில் பலர் பிட்காயின் நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்குப் போனார்கள். இந்தச் சண்டைக்குள் நுழையும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாறியது எல்லாரும் ஒத்துப்போக வேண்டிய ஒருமித்த விதியா, அல்லது எந்தப் பரிவர்த்தனையைப் பிற நோட்டுகளுக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு நோட்டும் தனக்கென வைத்துக்கொள்ளும் அனுப்பீட்டுக் கொள்கையா என்பது. இங்கே மாறியது கொள்கைதான். பெரிய தரவு கொண்ட பிளாக் அதற்கு முன்பும் செல்லுபடியானதாகவே இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட அந்த நிமிடத்திலேயே "பிட்காயினின் விதியை மாற்றிவிட்டார்கள்" என்று தொடங்கும் பதிவுகளைத் தள்ளிவைத்துவிடலாம்.

அடுத்து, ஒவ்வொரு தரப்பின் மிக வலுவான வாதத்தையும், அந்தத் தரப்பினரே "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஏற்கும்படி ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். தளர்த்தியவர்கள் சொன்னது: வரம்பு ஏற்கெனவே மீறப்படுகிறது, தடுக்கப்பட்டவர்கள் செலவழிக்க முடியாத போலி வெளியீடுகளில் (பணம் சேருமிடம் போலத் தோன்றும் பதிவுகளில்) தரவைத் திணித்து எல்லா நோட்டுகளின் நினைவகச் சுமையையும் கூட்டுகிறார்கள், அல்லது பெரிய மைனர்களிடம் நேரடியாகக் கொடுத்துச் சிறிய மைனர்களைப் பின்தள்ளுகிறார்கள். எதிர்த்தவர்கள் சொன்னது: முழுமையாகத் தடுக்க முடியாவிட்டாலும் இயல்பு அமைப்பு ஒரு தடையாகவாவது நிற்கிறது, அதைத் தளர்த்துவது பணத்துக்கான வலைப்பின்னலைக் கோப்புக் கிடங்காகப் பயன்படுத்த அழைப்பு விடுப்பதாகும், அதில் சட்டவிரோத உள்ளடக்கம் வந்தால் நோட் இயக்குபவரே சிக்குவார். இந்த இரண்டையும் நேர்மையாக எழுதி முடிக்கும்போது, கருத்து வேறுபாட்டின் கரு எங்கே என்பது தெளிவாகிவிடும். பிறகு, எந்தத் தரப்பு எத்தனை நோட்டுகளை இயக்குகிறது என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். ஆனால் ஒருவரே நூறு நோட்டுகளை இயக்க முடியும் என்பதால் அதை வாக்கெடுப்பாகக் கொள்ள வேண்டாம்.

கையிருப்புச் சான்றுகள்

எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பர் 11 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. அதன் பிறகு வந்த ஆண்டிறுதியில் பல எக்ஸ்சேஞ்சுகள், வாடிக்கையாளர் சொத்துகள் தம்மிடம் இருப்பதைக் காட்டும் கையிருப்புச் சான்றுகளை வெளியிட்டன. அவற்றில் சிலவற்றைத் தயாரித்த தணிக்கை நிறுவனமான மசார்ஸ் டிசம்பரிலேயே அந்தப் பணியை நிறுத்திவைத்தது. இத்தகைய சான்று ஒரு குறிப்பிட்ட கணத்தில் என்ன இருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. அந்தச் சொத்து கடனாக வாங்கியதா, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தராத அறிக்கையைப் பாதிச் சான்றாகவே கொள்ளுங்கள். ஸ்டேபிள்காயினிலும் இதே கேள்விகள்தாம்: ஒரு நாணயம் ஒரு டாலர் எனப் பிணைக்கப்பட்ட டெதரின் கையிருப்பை 2016 முதல் 2018 வரையிலான 26 மாத காலத்துக்கு ஆராய்ந்த முன்பேர வணிகத்துக்கான அமெரிக்க ஆணையமான சிஎஃப்டிசி, அதில் 27.6 விழுக்காட்டு நாள்களில் மட்டுமே போதிய டாலர் இருந்ததாக 2021-இல் கூறி, 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது.

பிட்காயினின் முதல் பிளாக் உருவான ஜனவரி 3-ஆம் நாளில், எக்ஸ்சேஞ்சில் உள்ள நாணயங்களை, சாவியைத் தாமே வைத்திருக்கும் சொந்த வாலட்டுக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் 2019 முதல் இருந்துவருகிறது. இதைச் செய்ய விரும்புபவர்கள் முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, அது வந்து சேர்ந்ததை எக்ஸ்ப்ளோரரில் உறுதிசெய்துகொண்டு, வாலட்டை அழித்து, அதை உருவாக்கும்போது கிடைத்த மீட்புச் சொற்களைக் கொண்டு மீட்டெடுக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே மீதியை அனுப்ப வேண்டும். மீட்புச் சொற்களை எந்த இணையப் படிவத்திலும் தட்டச்சு செய்யக் கூடாது. "சரிபார்ப்பதற்காக" என்று கேட்பவர் எவராயினும் அவர் திருடவே கேட்கிறார்.

கணிப்புகளைப் பதிவு செய்யும் முறை

கணிப்புகளை நம்புவதும் வெறுப்பதும் தேவையில்லை, பதிந்துவைத்தால் போதும். ஒரு குறிப்பேட்டில் சொன்னவரின் பெயர், சொன்ன தேதி, சொன்ன எண், எந்தத் தேதிக்குள் என்பது, அந்த நாணயம் அவரிடம் இருப்பதாக அவரே அறிவித்திருக்கிறாரா என்பது ஆகியவற்றை எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் என்ற இடம் காலியாக இருந்தால் அந்தக் கணிப்பைப் பதிய வேண்டியதே இல்லை. எப்போது தவறாகும் என்று சொல்லப்படாத கூற்றைச் சரிபார்க்க வழியில்லை. "நான்காண்டுச் சுழற்சி" என்று வரும் கணிப்புகளில், ஒவ்வொரு பிளாக்குக்கும் மைனர் பெறும் புதிய பிட்காயின் பாதியாகக் குறையும் பாதியாக்கம் இதுவரை 2012, 2016, 2020, 2024 என நான்கே முறை நடந்திருக்கிறது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு நிகழ்வுகளைக் கொண்டு வகுத்த விதிக்கு எவ்வளவு எடை தரலாம் என்பது அதிலேயே விளங்கும். பாதியாக்கம் நிகழும் பிளாக் எண்ணை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லலாம், 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை அது மென்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது; அதன் பின்னர் விலை என்னவாகும் என்பது எந்த மென்பொருளிலும் எழுதப்படவில்லை. அடுத்த டிசம்பரில் புதிய கணிப்புகளைப் படிக்கத் தொடங்கும் முன் இந்தக் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நடந்ததை எழுதி, அதன் பிறகு எவருடைய எழுத்தைத் தொடர்ந்து படிப்பது என்று முடிவுசெய்யுங்கள்.