கேம்கார்டர் டேப்பை டிவிடியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி வீடுகளில் பல ஆண்டுகளாகப் பீரோவில் கிடந்த டேப்பை எடுத்தவுடன் கேமராவில் போட்டு ஓட்டுவதுதான் முதல் தவறு. தென்மேற்குப் பருவமழையின் ஈரம் மாதக்கணக்கில் தங்கும் மலை என்பதால் டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கக்கூடும். அப்படியே ஓட்டினால் அது கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டேப்பையும் கெடுத்துவிடும். கேசட்டின் கண்ணாடி வழியே வெளிச்சத்தில் பார்த்து, பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்த கேமராவைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால், உள்ளே படியும் நீர் உலரும்வரை பொறுத்திருங்கள்.

மினி டி.வி. (Mini DV; இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சியல்ல, DV என்ற டிஜிட்டல் வீடியோ முறை) டேப்பை மஞ்சள் அனலாக் வயர் வழியாகக் கணினிக்கு ஏற்றக் கூடாது. அதிலிருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. ஃபயர்வயர் (FireWire) என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக எடுத்தால் தரம் குறையாமல் அப்படியே வந்துசேரும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். ஹை-8 என்ற அனலாக் டேப்புக்கு மஞ்சள் வயரைவிட எஸ்-வீடியோ வயர் மேலானது.

தரத்தைப் பெரிதும் குலைப்பது ஒரே டிவிடியில் அளவுக்கு மீறி அடைப்பதுதான். டி.வி. பதிவில் படத்துக்கு மட்டும் விநாடிக்குச் சுமார் 25 மெகாபிட் செலவாகிறது. டிவிடியில் படத்துக்கான உச்சவரம்பே 9.8 மெகாபிட். 4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரப் படத்தை 8 மெகாபிட் அளவில் வைக்கலாம். மூன்று மணி நேரம் என்றால் 3 மெகாபிட்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டு ஹெத்தை பண்டிகைப் (நீலகிரிப் படகர்களின் திருவிழா) பதிவை ஒரு கடையில் அப்படித்தான் அடைத்துக் கொடுத்தார்கள்: வெள்ளை உடுத்தி நின்ற கூட்டமும் பின்னால் இறங்கிய மூடுபனியும் கட்டம் கட்டமாகக் கலந்து, முகம் எதுவும் தெரியவில்லை. மூடுபனி, காற்றில் அசையும் சோலை இலை, மலை ரயிலின் நீராவி ஆகியவை குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்குச் செலவாகும் மெகாபிட் அளவில்) முதலில் சிதைபவை என்பதால், மலையில் எடுத்த படத்துக்கு வட்டைப் பிரித்துக்கொள்வதே சரி.

வெட்டி ஒட்டும் வேலையை டி.வி. கோப்பிலேயே முடித்து, டிவிடிக்கான எம்பெக்-2 வடிவமாக ஒரே ஒரு முறை மாற்றுங்கள். டிவிடியிலிருந்து எடுத்து மறுபடி டிவிடியாக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் தரம் இழக்கும். நம் நாட்டுக் கேமராக்கள் பெரும்பாலும் பால் (PAL) என்ற வீடியோ முறையில், 720க்கு 576 அளவில் பதிபவை; மென்பொருளை அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் (NTSC) விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படச்சட்டமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக, மேல்ப்புலம், கீழ்ப்புலம் என இரண்டாகப் பதியும்; டி.வி. பதிவில் கீழ்ப்புலம் முதலில் வரும். இதைத் தலைகீழாகக் குறித்தால், ஓடும் குழந்தை உலுக்கி உலுக்கி ஓடும்.

வட்டு கைக்கு வந்ததும் டேப்பை எறிந்துவிடுவது திருத்தவே முடியாத தவறு. டேப் பத்திரமாக இருந்ததால்தான் அந்தப் பண்டிகையை நாங்கள் மூன்று வட்டுகளில் மீண்டும் பதிய முடிந்தது, டி.வி. கோப்புகள் இப்போது தனி ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கின்றன.