மகள் சியர்லீடிங்கில் சேர்ந்திருக்கிறாளா? பெற்றோர் செய்யும் சில தவறுகள்

எட்டாம் வகுப்பு முடிகிற நேரத்தில் என் மகள் சியர்லீடிங் ட்ரை-அவுட்டுக்கு, அதாவது அணித் தேர்வுக்கு, போகிறேன் என்றாள். என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "ஐபிஎல்-ல சிக்ஸர் அடிச்சா ஆடுவாங்களே, அதுவா?" அவரைக் குறை சொல்ல முடியாது. 2008-ல் ஐபிஎல் வந்தபோது எல்லைக்கோட்டருகே பார்த்ததுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த சியர்லீடிங். இங்கே அது பள்ளி மேட்சில் கோஷம் போட்டு, தாவி, ஆளை ஆள் தூக்கும் ஸ்டண்ட் காட்டிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் அணி. நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸ் பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே பள்ளி ஃபுட்பால் மைதானத்தில் கூடும் பிரதேசம். நான்கு வருடமாக அந்தக் கேலரியில் உட்கார்ந்து நான் செய்த தவறுகளும் பிறர் செய்யப் பார்த்தவையும்தான் கீழே வருபவை.

முதல் தவறு, இதை அலங்காரம் என்று நினைப்பது. தொடங்கி வைத்தவர்கள் ஆண்கள். 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று கோஷம் போட வைத்தார். பெண்கள் உள்ளே வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதிகளான ஐசனோவர், ரீகன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் எல்லாம் படிக்கிற காலத்தில் சியர்லீடர்கள். (இந்தப் பட்டியல் என் மாமியாரிடம் நன்றாக வேலை செய்தது.) 1948-ல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் என்பவர் இதே டெக்சாஸில் பயிற்சி முகாம் நடத்தியபோது வந்தவர்கள் 52 பெண்கள், ஒரே ஒரு பையன். அவர் பெயரில்தான் இன்றைக்கும் 'ஹெர்க்கி' என்று ஒரு தாவல் இருக்கிறது. என் மகள் அதைப் பழகிப் பழகியே எங்கள் கராஜ் கதவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

அலங்காரம் என்று நினைத்தால் என்ன ஆகும்? கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு "பாவாடை ஏன் இவ்வளவு குட்டை?" என்று கேட்போம். கேட்க வேண்டியது வேறு. கோச் ஸ்டண்ட் பாதுகாப்புப் பயிற்சி எடுத்தவரா? பழகும்போது கீழே மெத்தை உண்டா? யாராவது விழுந்தால் யார் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? இதில் அடிபடுவது பெரும்பாலும் குதிக்கும்போதோ ஆடும்போதோ இல்லை, ஆளை ஆள் தூக்கும் ஸ்டண்டில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012-லேயே இதை விளையாட்டு என்று அறிவிக்கச் சொன்னது. காரணம் கௌரவம் இல்லை. விளையாட்டு என்றால்தான் நல்ல இடமும் தேர்ந்த கோச்சும் மருத்துவ உதவியும் கிடைக்கும்.

ஒரு ஸ்டண்ட் குழுவைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே அரைக்குந்தலில் இருப்பார்கள்; அவர்கள் பேஸ். அவர்கள் உள்ளங்கையில் கால் வைத்து ஏறுபவள் ஃப்ளையர். பின்னால் நிற்பவள் பேக் ஸ்பாட். கூட்டம் அவளைக் கவனிப்பதே இல்லை. அவள் மட்டும் மேலே இருப்பவளிடமிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஃப்ளையர் சரிந்தால் தலையையும் தோளையும் வாங்கிக்கொள்வது அவள் வேலை. எண்ணுவது ஒருத்தி, அந்த எண்ணிக்கையில் நான்கு உடம்பும் ஒன்றாக மூச்சை இழுக்கும். யாராவது அரை நொடி முந்தினால் முழங்கை மூக்கில் இடிக்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் செய்த பெரிய மடத்தனம்: மகளும் இரண்டு தோழிகளும் எங்கள் கொல்லைப்புறத்தில் ஒருத்தியைத் தூக்கிக் காட்டியபோது கைதட்டி வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் கோச்சிடமிருந்து அழைப்பு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பின்னால யார் நின்னாங்க?" வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை, பின்னால் இருந்தது சிமெண்ட் திண்ணை. வீட்டில் ஹெர்க்கி தாவட்டும், உடம்பை வளைத்துப் பழகட்டும். ஆளைத் தூக்குவது மட்டும் கோச் முன்னால், மெத்தை மேல்.

தலையில் அடிபட்டதை மறைப்பது அடுத்தது. பெண்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் ஒருத்தி உட்கார்ந்தால் மற்ற மூவரும் உட்கார வேண்டும். நாமும் "தைலம் தேய்ச்சுப் படு, காலைல சரியாயிடும்" என்போம். தலைவலி, வெளிச்சம் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்பது இவை இருந்தால் அன்றே பயிற்சி நிறுத்தம். டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பப் போவது. முந்தைய அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் பயங்கரமானது.

அப்புறம் ஃப்ளையர் மோகம். எல்லோரும் பார்ப்பது மேலே இருப்பவளை. பெற்றோருக்கும் தன் பெண் அங்கே இருக்க வேண்டும். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஃப்ளையர். ஒரே கோடையில் மளமளவென்று வளர்ந்து பேஸ் ஆக்கப்பட்டாள். அந்த ஆகஸ்டில் மூன்று தோசை சாப்பிடுகிறவள் ஒன்றோடு எழுந்து போக ஆரம்பித்தாள். நான் டயட் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு விழாவில் ஒரு ஆன்ட்டி "கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டே" என்று கன்னத்தைத் தட்டினார். நம் ஊரில் அது அன்பு. பதினான்கு வயதில் அது தீர்ப்பு. கோச்தான் காப்பாற்றினார். சாப்பிடாத பேஸ் கையில் ஃப்ளையரைத் தரமாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். இரண்டாவது தோசை திரும்பி வர அக்டோபர் ஆயிற்று.

பணத்தைப் பற்றி ஒரு வரி: பள்ளி அணி வேறு, தனியார் ஜிம்மின் ஆல்-ஸ்டார் அணி வேறு. இரண்டாவது, பயணம் உட்பட வருடத்துக்குச் சில ஆயிரம் டாலரைத் தின்னும். கையெழுத்துப் போடும் முன் பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்று கேளுங்கள்.

அணிக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வெளியாகும் ராத்திரி, போன் கையில் இருப்பது இன்னொரு ஆபத்து. 2017-ல் பென்சில்வேனியாவில் 14 வயதுப் பெண் ஒருத்திக்கு வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதன்மை அணியில், இடம் கிடைக்கவில்லை; ஜூனியர் அணியில்தான் கிடைத்தது. நடுவிரலைக் காட்டி, கெட்ட வார்த்தையோடு ஸ்னாப்சாட்டில் போட்டாள். பள்ளி ஒரு வருடம் அந்த ஜூனியர் அணியிலிருந்தும் நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் எட்டுக்கு ஒன்று என்று அவள் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பு சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அது வருவதற்குள் அவள் கல்லூரிக்குப் போயிருந்தாள். ஒரு நாள் போனை வாங்கி வைத்து ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போவது சுலபம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதப் போவதற்கும் இது பொருந்தும். 1991-ல் இதே டெக்சாஸில், சேனல்வியூ என்ற ஊரில், மகளின் போட்டியாளருடைய அம்மாவைத் தீர்த்துக்கட்ட ஆள் தேடி ஒரு தாய் மாட்டிக்கொண்டதை இங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள், கொஞ்சம் பயத்தோடு.

நமக்கே உரிய தவறு ஒன்று உண்டு: இந்தியப் பயணம். நமக்கு டிக்கெட் ஜூன், ஜூலையில்தான். சியர் முகாமும் அப்போதுதான். ஸ்டண்ட் குழுக்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன. ஒரு பேஸ் மதுரையில் இருந்தால் மூன்று பெண்கள் வேடிக்கை பார்த்து நிற்பார்கள். டிக்கெட் போடும் முன் முகாம் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

முகாமைத் தப்பவிடாமல் ஜூலைக் கடைசியில் மதுரை போனோம். அங்கே என் அம்மா ஆசையாக ஆசாரியைக் கூப்பிட்டு மகளுக்கு மூக்குக் குத்திவிட்டார். ஸ்டண்டில் நகை கூடாது. பக்கத்தில் இருப்பவள் சட்டையில் மாட்டினால் கிழியப் போவது மூக்குதான். புதிதாய்க் குத்தியதைக் கழற்றினால் தூர்ந்துவிடும், கழற்றாவிட்டால் அணியில் இறங்க முடியாது. முதல் மேட்சுக்கு இரண்டு வாரம் இருந்தது. மகள் குளியலறைக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து, எண்ணெய் தடவிய அந்தச் சின்ன வைர மூக்குத்தியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "பாட்டிகிட்ட நீயே சொல்லிடும்மா" என்றாள்.