ஃபிஜியிலிருந்து நியூசிலாந்துக்குத் திரும்பும் முன் படகில் செய்ய வேண்டியவை

அக்டோபர் பிறந்துவிட்டால் ஃபிஜியில் நங்கூரம் போட்டிருக்கும் பாய்மரப் படகுகளில் ஒரே பேச்சுதான், எப்போது கிளம்புவது என்று. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம், அதற்குள் தெற்கே இறங்கிவிட வேண்டும். ஃபிஜியின் லவுடோகா துறைமுகத்திலிருந்து நியூசிலாந்தின் வடக்கே இருக்கும் ஓபுவா துறைமுகத்துக்கு ஏறக்குறைய 1,100 கடல்மைல், ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் கஸ்டம்ஸ் வேலையை முதலில் முடித்துவிட்டு மற்றதை நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புறப்பாட்டு முத்திரை விழுந்துவிட்டால் கிளம்பியே ஆக வேண்டும், போகிற வழியில் இன்னொரு தீவில் ஒரு ராத்திரி தங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முத்திரை கடைசி வேலை.

முதல் வேலை படகின் அடிப்பக்கம். 2018 மே மாதத்திலிருந்து நியூசிலாந்து இதில் ரொம்பக் கண்டிப்பு. சேருவதற்கு முந்தைய 30 நாளுக்குள் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஃபிஜியில் தண்ணீர் வெதுவெதுப்பாக, தெளிவாக இருக்கும்போதே இறங்கி முடித்துவிடுங்கள். பெரிய பரப்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும், வேலை வாங்குவது இடுக்குகள்தான். சுக்கானுக்கும் படகுக்கும் நடுவே விரல் மட்டும் நுழையும் சந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட், கடல்நீர் உள்ளே போகும் துளைகளின் சல்லடை, படகின் அடியில் துடுப்புபோல் நீண்டிருக்கும் கீலின் அடிமட்டம். போன தடவை சுத்தமாகிவிட்டது என்று நினைத்து மேலே வந்த பிறகு, மனசு கேட்காமல் டார்ச்சோடு மறுபடி இறங்கிப் பார்த்தேன், சுக்கான் சந்துக்குள் நகக்கண் அளவில் சிப்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. மெல்லிய பாசிப்படலமும், நடுக்கடலில் வந்து ஒட்டும் காம்புள்ள கொட்டலசும் இருந்தால் பரவாயில்லை. சிப்பியும் குழாய்ப்புழுவும் இருக்கக்கூடாது. சுத்தம் செய்த ஒவ்வொரு இடத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், பெயின்ட் அடித்த ரசீதும் கையில் இருக்கட்டும். நங்கூரச் சங்கிலியையும் தேய்த்துக் கழுவுங்கள். 2021இல் கிரேட் பேரியர் தீவில் கௌலெர்ப்பா என்ற வெளிநாட்டுக் கடற்பாசியைக் கண்டார்கள், இரண்டே வருஷத்தில் ஓபுவா இருக்கும் பே ஆஃப் ஐலண்ட்ஸிலும் அது தென்பட்டது. ஒரு துண்டு ஒட்டி வந்தால் போதும், கடல்தரை முழுக்கப் படர்ந்துவிடும். அந்தக் கடலில்தான் நாமும் நம் பிள்ளைகளும் குளிக்கிறோம்.

அடுத்தது சமையலறை. நாடி, லவுடோகா சந்தைகளில் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் பார்த்தால் கை நிற்காது. நூறு வருஷத்துக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆனாலும் பத்து நாள் சமையலுக்கு மட்டும் வாங்குங்கள். பழம், காய், முட்டை, தேன், இறைச்சி, முளைக்கிற விதை எல்லாம் ஓபுவாவில் பறிபோகும். வெந்தயமோ பச்சைப்பயறோ டப்பாவிலிருந்து சிந்தி அலமாரி மூலையில் கிடக்கும், அதையும் கூட்டி எடுத்துவிடுங்கள். ஊறுகாய் வரைக்கும் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் விட்டது தெரிந்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

அப்புறம் வானிலை. ஆஸ்திரேலியாப் பக்கமிருந்து உயர் காற்றழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்கின்றன, நடுநடுவே காற்றழுத்தத் தாழ்வுகள். கிளம்பும் நாள் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், நியூசிலாந்தை நெருங்கும் கடைசி மூன்று நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். நேர்கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே தள்ளி இறங்கினால் கடைசியில் தென்மேற்குக் காற்று மூக்குக்கு நேராக அடிக்காது. சரிப்படவில்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள்.

வானிலை சரிப்பட்டு வந்தால், படகு வருகிறது என்று நியூசிலாந்துக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்ப வேண்டும். சேருவதற்கு 48 மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தாலே போதும், ஆனாலும் அடிப்பக்கப் படங்களோடு கரையிலிருந்தே அனுப்பிவிடுங்கள், நடுக்கடலில் நெட் கிடைக்காமல் தவிக்காதீர்கள். வெளிநாட்டில் வாங்கிய சாமான்களின் பில்களையும் ஒரே உறையில் போடுங்கள், ஆளுக்கு 700 நியூசிலாந்து டாலர் வரைதான் வரிச் சலுகை. அதெல்லாம் முடிந்த பிறகு ஆட்கள் அத்தனை பேரின் பாஸ்போர்ட்டோடு லவுடோகா கஸ்டம்ஸுக்குப் போங்கள்.

ஓபுவாவை நெருங்கும்போது சோதனைக்குக் காத்திருக்கிறோம் என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றி, குவாரன்டைன் மேடையில் மட்டும் கட்டுங்கள். அதிகாரி வந்து முடிக்கும் வரை யாரும் இறங்கக்கூடாது, குப்பைப் பையும் படகிலேயே இருக்க வேண்டும். மிச்சமான வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு தட்டில் வைத்து, எல்லா அலமாரிகளையும் திறந்து வைத்துக் காத்திருங்கள்.