வெறுமையாக வந்த எக்ஸ்எம்எல்: சேல்ஸ்ஃபோர்ஸை மிடில்வேருடன் இணைத்த என் அனுபவம்

வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில் ஒரு வாடிக்கையாளர் பதிவு மாறியவுடன், அது தானாக அனுப்பும் அவுட்பவுண்ட் மெசேஜ் வழியாக எங்கள் மிடில்வேருக்கு (மென்பொருள்களை இணைக்கும் இடைநிலை மென்பொருள்) செய்தி வந்து, அங்கே எக்ஸ்எஸ்எல்டி என்ற மாற்று மொழி மூலம் கணக்கியல் மென்பொருளுக்கு ஏற்ற எக்ஸ்எம்எல்லாக (தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் வடிவம்) மாற வேண்டும் என்பதே ஏற்பாடு. செய்தி வந்தது, மாற்றமும் வெற்றி என்றே லாக் காட்டியது. ஆனால் வெளியீட்டில் வெற்றுக் குறிச்சொற்கள் மட்டுமே இருந்தன. பெயரும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. பிழை என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் தோற்பதுதான் இத்தகைய மாற்றங்களில் எரிச்சலூட்டும் குணம்.

உள்ளே வந்த செய்தியை அப்படியே கோப்பில் சேமித்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. நோட்டிஃபிகேஷன் (அறிவிப்பு) என்ற உறுப்பு ஒரு நேம்ஸ்பேஸிலும் (ஒரே பெயருள்ள உறுப்புகள் குழம்பாமல் பிரிக்கும் பெயர்வெளி), அதனுள் இருந்த பெயர் முதலிய புலங்கள் 'எஸ்எஃப்' என்ற முன்னொட்டுடன் வேறொரு நேம்ஸ்பேஸிலும் இருந்தன. எக்ஸ்எம்எல்லுக்குள் உறுப்புகளைத் தேடும் பாதைகளை எழுத உதவும் எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டின்றி எழுதப்படும் பெயர், எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத உறுப்பையே குறிக்கும் என்பதால், பழைய ஸ்டைல்ஷீட்டில் (எக்ஸ்எஸ்எல்டி விதிகள் எழுதிய கோப்பு) இருந்த முன்னொட்டில்லாப் பாதைகள் எதையும் கண்டறியவில்லை. இரு நேம்ஸ்பேஸ்களையும் ஸ்டைல்ஷீட்டின் தொடக்கத்தில் அறிவித்து, ஒவ்வொரு பாதையிலும் உரிய முன்னொட்டைச் சேர்த்தபின் தரவு முழுமையாக வந்தது. லோக்கல்-நேம் என்ற ஃபங்ஷனைக் கொண்டு நேம்ஸ்பேஸையே புறக்கணிக்கும் குறுக்குவழியும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; அறிவிப்புக்கும் அதனுள் இருக்கும் பதிவுக்கும் 'ஐடி' என்ற ஒரே பெயரில் உறுப்புகள் இருப்பதால், நேம்ஸ்பேஸைப் பார்க்காவிட்டால் எது எதனுடையது என்று குழம்பிவிடும்.

ஒரே செய்தியில் 100 அறிவிப்புகள் வரை வரக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து மாற்றுமாறு அமைத்தேன். நம் பக்கத்திலிருந்து ஏற்பு விடை செல்லாவிட்டால் அதே செய்தி 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப வரும். ஆகவே அறிவிப்பின் ஐடியை ஓர் அட்டவணையில் பதிந்து, ஏற்கெனவே வந்தவற்றை ஒதுக்கிவிடுகிறோம்.