ஃபாரடேயைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

காந்தத்திலிருந்து மின்சாரம் உண்டாக்கிக் காட்டிய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயை நான் வகுப்பில் அவர் பிறந்த வருஷத்தில் தொடங்குவதில்லை, ஒரு ரொட்டியில் தொடங்குவேன். லண்டனில் ஒரு கொல்லரின் மகன். வறுமையில், தன் பங்குக்குக் கிடைத்த ஒரே ஒரு ரொட்டியை வைத்து ஒரு வாரம் ஓட்ட வேண்டியிருந்த சிறுவன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகப் போனவர், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். 1812-இல் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தன் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். மறுவருஷம் லண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை.

சரி, கதை போதும். அவருடைய சோதனையைச் செய்து பார்க்க மேசைக்கு வாருங்கள்.

அட்டைக் குழாய் ஒன்றில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை 200 சுற்றாவது நெருக்கமாகச் சுற்றுங்கள். இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தெடுங்கள். முதல் முறை இதை மறந்துவிட்டு, மீட்டரின் முள் அசையவே இல்லையே என்று அரை மணி நேரம் தவித்தேன். முனைகளைக் கால்வனோமீட்டரில் (சிறு மின்னோட்டத்தையும் முள் அசைந்து காட்டும் கருவி) இணையுங்கள். காந்தம் மீட்டருக்குப் பக்கத்தில் வந்தால் முள் தானாக ஆடும், அதனால் தள்ளியே வையுங்கள்.

காந்தத்தைக் குழாய்க்குள் சட்டென்று விடுங்கள்: முள் ஒரு பக்கம் துள்ளும். அப்படியே பிடித்திருங்கள்: பூஜ்யம். வெளியே இழுங்கள்: மறுபக்கம். இந்தப் பூஜ்யத்தில்தான் நான் நிறுத்திக் கேள்வி கேட்பேன். காந்தம் உள்ளேதானே இருக்கிறது, மின்சாரம் எங்கே போனது? 1831 அக்டோபரில் ஃபாரடே பார்த்ததும் இதைத்தான். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், காந்தத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.