ஒரே தெள்ளுப்பூச்சிக்குள்ள ரெண்டு பாக்டீரியா இருக்கான்னு பாக்குறது எப்படி?

இஸ்ரேல் நெகேவ் பாலைவனத்துல ஜெர்பில் எலி மேல இருக்குற தெள்ளுப்பூச்சில பார்ட்டோனெல்லா, மைக்கோபிளாஸ்மாங்கற ரெண்டு பாக்டீரியாவுமே கிடைக்கும். கையுறை போட்டுக்கிட்டு எலிய வெள்ளைத் தட்டு மேல புடிச்சு டூத்பிரஷ்ஷால முடிய எதிர்ப்பக்கமா தேச்சா பூச்சி விழும், தாவுறதுக்குள்ள 70% எத்தனால்ல போட்டுடணும். பத்து பூச்சிய ஒண்ணா அரைக்கிற சோம்பேறித்தனம் மட்டும் வேணாம், அப்புறம் எது எதுக்குள்ள இருந்துச்சுன்னே தெரியாது, ஒரு பூச்சிக்கு ஒரு டியூப். டிஎன்ஏ எடுத்து பார்ட்டோனெல்லாவுக்கு ஜிஎல்டிஏ ஜீன், மைக்கோபிளாஸ்மாவுக்கு 16எஸ் ஜீன், ரெண்டுக்கும் தனித்தனி பிசிஆர் (அந்த ஜீன் துண்ட மட்டும் பல மடங்கு நகலெடுக்குற சோதனை). அந்தத் துண்டோட டிஎன்ஏ எழுத்து வரிசைய காட்டுற சீக்வென்ஸ் கிராஃப்ல ஒரே இடத்துல ரெண்டு பீக் (முகடு) வந்தா மெஷின் கோளாறுன்னு தூக்கிப் போடாதீங்க, ரெண்டு வகை பார்ட்டோனெல்லா கலந்திருக்கலாம், குளோன் பண்ணி, அதாவது கலந்த துண்டுகள ஒண்ணொண்ணா பிரிச்சு நகலெடுத்துப் பாருங்க. வயிறு செவப்பா இருந்தா இப்பதான் ரத்தம் குடிச்ச பூச்சி, அதுல வர்றது எலியோட கிருமியாவும் இருக்கலாம்.