பட்ஜி குஞ்சு தேற வேண்டுமா? பானையைக் கழற்றுங்கள், பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள்

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் சின்னக் கிளிகள்தான் பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டு கழுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஜோடி இருக்கிறது, முட்டையும் வந்துவிட்டது, ஆனால் குஞ்சுகள் தேறி வெளியே வருவதில்லை என்பவர்களுக்காகவே இந்தப் பதிவு.

முதலில் ஒரு நம்பிக்கையை ஓரங்கட்ட வேண்டும். ‘அடை காக்கும்போது கூட்டைத் தொடாதே, மனிதக் கை பட்டால் தாய் குஞ்சை ஒதுக்கிவிடும்’ என்று கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் சொல்வார்கள். பழகிய பட்ஜி அப்படி ஒதுக்காது. அதற்குப் பிடிக்காதது திடீர் அதிர்ச்சிதான்: இரவில் விளக்கடிப்பது, பூனை, பெட்டியைப் பலமாகத் தட்டுவது போன்றவை. முட்டை இடுவதற்கு முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில் பெட்டியை மெதுவாக இருமுறை தட்டிவிட்டுத் திறந்து மூடினால், பெண் பறவை அதைப் பொருட்படுத்தாது. திறக்காமல் விட்ட பெட்டியில்தான் குஞ்சுகள் யாருக்கும் தெரியாமல் இறந்து கிடக்கின்றன.

1. ஜோடி

அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சதைப்பகுதியைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். பெண்ணுக்கு வெளிறிய நிறமாக இருந்து, முட்டையிடத் தயாராகும்போது பழுப்பாகத் தடிக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளிலும் சில திட்டு வண்ண வகைகளிலும் ஆணுக்கு அந்த இடம் வாழ்நாள் முழுக்க இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே பெட்டியில் பத்துக்கு மேல் முட்டை, அத்தனையும் கூமுட்டை என்றால் உங்களிடம் இருப்பது இரண்டு பெண்களாக இருக்கலாம்.

வயது குறைந்தது பத்து மாதம், ஒரு வருடம் ஆனால் இன்னும் நல்லது. நெற்றியில் வரிகள் அலகு வரை இறங்கியிருந்தால் அது இன்னும் குஞ்சுதான். அதற்குப் பெட்டி மாட்டாதீர்கள்.

(நம் ஊர்ப் பச்சைக் கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜிக்கு அந்தத் தடை கிடையாது. இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

2. காலம்

ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வேண்டவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் ஐந்து குஞ்சுகளும் தாயும் நம் ஊர் அக்னி நட்சத்திரத்தைத் தாங்க முடியாது. மழை ஓய்ந்த பிறகு, மார்கழியில் தொடங்கி மாசி வரை நல்ல காலம். அவற்றின் சொந்த ஊரிலும் மழை பெய்து புல் விதை பால் கட்டும்போதுதான் முட்டையிடுகின்றன. அதனால் பெட்டி மாட்டுவதற்கு முன் இரண்டு வாரம் முளைகட்டிய ராகி, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி கொடுங்கள். மழைக்காலம் வந்துவிட்டதாகப் பறவை நினைத்துக்கொள்ளும்.

3. பெட்டி

தமிழ்நாட்டில் பட்ஜி என்றாலே மண்பானைதான். பானை குளிர்ச்சியானது, மலிவானது, அடிப்பாகமும் வளைவாக இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் உள்ளே பார்க்க முடியாது, கை நுழையாது, முட்டையை எண்ணுவதற்குக்கூடப் பானையைக் கழற்றிச் சாய்க்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க முடியாதபடி வைத்துக்கொள்வது எதற்கு? பானையில் வெற்றிகரமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. புதியவர்களுக்கு என் பரிந்துரை மரப்பெட்டிதான்.

அளவு: நீளம் 25 செ.மீ., அகலம் 15, உயரம் 18 முதல் 20. நுழையும் துளை 5 செ.மீ. மேல்மூடியோ பக்கக் கதவோ திறக்கும்படி இருக்க வேண்டும். 9 மி.மீ. பிளைவுட் போதும். உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். கடையில் வாங்கும் பல பெட்டிகளின் அடிப்பலகை தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. அதில் முட்டை உருண்டு மூலைக்குப் போய் ஆறிவிடும். அதைவிட மோசம், பொரித்த குஞ்சின் கால்கள். எலும்பு இன்னும் மெழுகு போல இருக்கும். மேலே தாய் உட்கார்ந்திருக்கும். பிடிப்பதற்குத் தரையில் எதுவும் இல்லை. கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, நீந்துவதுபோல் ஆகிவிடும். அப்படியே எலும்பு இறுகிவிட்டால் அந்தப் பறவை வாழ்நாள் முழுக்கக் குச்சியில் உட்கார முடியாது.

தீர்வு ஒரு குழிப்பலகை. இரண்டு செ.மீ. கனமுள்ள பலகையில் சுமார் பத்து செ.மீ. அகலத்துக்கு, நடுவில் ஒன்றரை செ.மீ. ஆழத்தில் சரிவாகக் குடைந்து தரச் சொல்லுங்கள். ஆசாரியிடம் ‘குழி’ என்று மட்டும் சொன்னால் செங்குத்தாக வெட்டித் தந்துவிடுவார். ஆழமில்லாத அகல் விளக்கின் உட்புறத்தைக் காட்டி, இதுபோல வேண்டும் என்று சொன்னால் சரியாக வரும். உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. சற்றுச் சொரசொரப்பாக இருப்பதே கால்களுக்குப் பிடிமானம். குழி, நுழைவுத் துளைக்கு நேர் கீழே வராமல் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே குதிக்கும் தாய் முட்டை மேலேயே இறங்கும்.

குழியில் மரச்சீவல் கொஞ்சம் போடலாம், மரத்தூள் வேண்டாம், மூச்சில் ஏறும். போட்ட சீவலைப் பெண் பறவை அலகால் அள்ளி வெளியே எறிந்தால் கவலைப்படாதீர்கள். மரப்பொந்தில் வெறும் தரையில் முட்டையிட்டுப் பழகிய இனம் அது. பஞ்சு, தேங்காய் நார், வைக்கோல் எதுவும் தேவையில்லை. நார் காலில் சுற்றிக்கொள்ளும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் ஒரே கூண்டில் இருந்தால் ஜோடிகளின் எண்ணிக்கையைவிட அதிகமாகப் பெட்டிகள், எல்லாம் ஒரே உயரத்தில். உயரமான பெட்டிக்காகப் பெண்கள் இரத்தம் வரும் அளவுக்குச் சண்டையிடும். என்னைக் கேட்டால் ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி.

4. குச்சியும் சுண்ணாம்பும்

கூண்டோடு வரும் பிளாஸ்டிக் குச்சியைத் தூக்கிப் போடுங்கள். வழுக்கும், சுழலும் குச்சியில் இணை சேர்வது முழுமையாக நடக்காது, விளைவு, கூமுட்டை. விரல் கனமுள்ள கொய்யாக் கிளையையோ வேப்பங்கிளையையோ இரு பக்கமும் ஆடாமல் கட்டுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் வைக்கும் கடல் நுரையை (கணவாய் மீனின் ஓடு) செல்லப்பிராணிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். இது ஆடம்பரம் அல்ல. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெண்ணுக்கு முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வாலை ஆட்டியபடி முக்கினால் அதுதான் அறிகுறி. உடனே பல்பு வெளிச்சத்தின் கதகதப்பில் வைத்து மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வயிற்றை அமுக்கி முட்டையைத் தள்ளப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

5. முட்டை

இணை சேர்ந்து எட்டுப் பத்து நாளில் முதல் முட்டை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மொத்தம் நான்கு முதல் ஆறு. ஒவ்வொரு முட்டையும் அடை காக்கத் தொடங்கி ஏறத்தாழ 18 நாளில் பொரியும். தேதியை நோட்டில் எழுதுங்கள். முட்டை மேல் எண் போடுவதானால் மென்மையான ஸ்கெட்ச் பேனா போதும், பென்சில் முனை ஓட்டைத் துளைக்கும்.

அடை காத்த ஒரு வாரத்துக்குப் பிறகு செல்போன் விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும். மஞ்சளாக வெறுமனே ஒளிர்ந்தால் கூமுட்டை. அதை உடனே எடுத்துவிட வேண்டியதில்லை, மற்றவை பொரிந்து முடியும் வரை இருக்கட்டும்.

6. குஞ்சு: தினமும் பார்க்க வேண்டியவை

முதல் முட்டைக்கும் ஆறாவது முட்டைக்கும் பத்து நாள் வித்தியாசம். அதாவது கடைக்குட்டி பொரியும்போது மூத்தது கண் திறந்து, பல மடங்கு எடையோடு உட்கார்ந்திருக்கும். நசுங்குவதும் பட்டினி கிடப்பதும் பெரும்பாலும் இந்தக் கடைக்குட்டிதான். ஆகவே காலையில் தாய் எச்சம் போட வெளியே வரும் நேரத்தில் பெட்டியைத் திறந்து, கீழே மேசை இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுங்கள்.

கழுத்தடியில் தீனிப்பையைப் பாருங்கள். உப்பி, உள்ளே வெண்மையாகத் தெரிந்தால் ஊட்டப்பட்டிருக்கிறது. கடைக்குட்டிக்கு மட்டும் தொடர்ந்து காலியாக இருந்தால், அதே வயதுக் குஞ்சுகள் உள்ள இன்னொரு ஜோடியின் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பட்ஜிகள் பிறர் குஞ்சையும் தயங்காமல் ஊட்டும். இதற்காகவே இரண்டு ஜோடிகளுக்கு ஒரே நாளில் பெட்டி மாட்டுவது நல்லது.

விரல்களில் எச்சம் காய்ந்து உருண்டையாக ஒட்டியிருக்கும். இழுத்தால் நகமும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தானாகக் கரைய விடுங்கள்.

அடுத்தது மேல் அலகின் உட்புறம். இதை யாருமே சொல்லித் தருவதில்லை. ஊட்டிய தீனி அங்கே கெட்டியாகப் படிந்துவிட்டால் மேல் அலகு வளராமல், கீழ் அலகு அதைத் தாண்டி முன்னே நீளும். அப்படி வளர்ந்த பறவைக்கு விதை உடைக்க வராது, அலகை அவ்வப்போது வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் மெல்லச் சுரண்டினால் முடிந்தது வேலை.

கால் விரிய ஆரம்பித்திருந்தால் காத்திருக்காதீர்கள். பவுடர் போடும் ஸ்பாஞ்சிலிருந்து சிறு துண்டு வெட்டி, இரண்டு கீறல் போட்டு, கால்கள் உடலுக்கு நேர் கீழே வரும்படி அவற்றில் நுழைத்துவிடுங்கள். இரண்டு வார வயதுக்குள் செய்தால் பெரும்பாலும் நேராகிவிடும். தினமும் கழற்றி, கால் வீங்கவில்லையா என்று பார்த்து மாட்டுங்கள்.

நனைந்த சீவலை மாற்றுங்கள். பெற்றோருக்கு அவித்த முட்டையை ரொட்டித்தூளோடு பிசைந்து கொடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

நீங்களே ஊசிக்குழாயில் ஊட்டுவதைப் பற்றிக் கேட்காதீர்கள். ‘கையில் பழகும்’ என்ற ஆசைக்காகச் சிறு குஞ்சுகளை எடுத்து ஊட்டுவது எனக்கு உடன்பாடில்லை. தீனி மூச்சுக்குழலில் போய் இறப்பதுதான் அதிகம். தினமும் கையில் எடுத்துப் பார்த்தாலே போதுமான அளவு பழகிவிடும்.

7. வெளியே வந்த பிறகு

30 முதல் 35 நாளில் ஒவ்வொன்றாகத் துளை வழியே குதிக்கும். அதன் பின் ஊட்டுவது பெரும்பாலும் தந்தை. தாய் அதற்குள் அடுத்த முட்டைக்குத் தயாராகி, பெட்டிக்குள் திரும்ப நுழையும் மூத்த குஞ்சுகளைத் தலையில் கொத்தத் தொடங்கலாம். தானாக விதை உடைத்துத் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஏறத்தாழ ஆறு வாரத்தில், குஞ்சுகளை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். உமி கொத்துவதும் தின்பதும் வேறு. மாலையில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டு ஈடு, அதாவது இரண்டு முறை முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது, முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். பெட்டி இருக்கும் வரை பெண் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், உடம்பு உருகிப்போகும். கழற்றிய பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

எறும்பு: பொரியும் நேரத்தில் முட்டை ஓட்டின் ஈரத்துக்கே எறும்பு வந்துவிடும், ஓர் இரவில் குஞ்சுகளைத் தின்றுவிடும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். தொங்கும் கூண்டானால் மேல் கம்பியில் வாஸ்லின் தடவுங்கள். எறும்புச் சாக்பீஸ் விஷம், அந்துருண்டையும் விஷம். இரண்டும் கூண்டருகே வரக் கூடாது.

அடை காக்கும் பெண் பெரிது பெரிதாக எச்சமிடுகிறது, வயிற்றுப்போக்கா என்று ஒருவர் பயந்து எழுதியிருந்தார். நோய் அல்ல. பெட்டியை அசுத்தப்படுத்தாமல் மணிக்கணக்கில் அடக்கிவைத்து, வெளியே வந்து போடுகிறது.

குஞ்சின் முதுகிலும் கழுத்திலும் இறகு இல்லாமல் மொட்டையாக இருக்கிறது என்றவருக்கு: தாயே பிடுங்குகிறது. மற்ற இறகுகள் நன்றாக இருந்தால் மீண்டும் முளைக்கும். தாயைப் பிரித்தாலும் மூன்று வாரம் தாண்டிய குஞ்சுகளைத் தந்தை தனியாக வளர்த்துவிடும். இறக்கை, வால் இறகுகளே உதிர்ந்து குஞ்சு பறக்க முடியாமல் ஓடினால் அது வேறு விஷயம், வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த ஜோடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரே ஈட்டில் பிறந்தவை வளர்ந்து தங்களுக்குள் ஜோடி சேர்கின்றன என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூண்டை மாற்றும்போதே ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு நிறத்தில் கால் வளையம் போட்டு, எந்த நிறம் எந்த ஜோடியுடையது என்று நோட்டில் எழுதிவிடுங்கள். சிவப்பு வளையமும் சிவப்பு வளையமும் ஒரு பெட்டிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.